பண்டிகை அலங்காரத்திற்குத் தொட்டி மரங்களும், அவற்றைப் பின்னர் நிலத்தில் நடும் முறையும்

பண்டிகை, விவாகம், கோயில் உற்சவம் முதலிய சுப காலங்களில் வீட்டு வாயிலையும் பந்தலையும் பச்சை இலைகளால் அலங்கரிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். மாவிலைத் தோரணமும், குருத்தோலையும், குலை தள்ளிய வாழையும் இல்லாமல் மங்கல காரியம் எதுவும் நடப்பதில்லை. கிறிஸ்து பிறப்புத் திருநாளைக் கொண்டாடும் குடும்பத்தார் சவுக்குக் கிளையையோ, இளஞ்சவுக்கின் தலைப்பையோ வெட்டிவந்து வீட்டினுள் நிறுத்தி, அதில் விளக்குகளும் காகித நட்சத்திரங்களும் கட்டுகின்றனர்.

இவ்வழக்கங்கள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. வாழை ஒருமுறை குலை ஈன்றபின் தானே மடியும். அதன் பக்கக் கன்று தொடர்ந்து வளரும். ஆகையால் குலை முற்றிய வாழையை வாயிலில் கட்டுவதால் குடியானவருக்கு நஷ்டமில்லை. பெரிய மாமரத்திலிருந்து சில கொத்து இலைகளை ஒடிப்பதாலும் கேடில்லை. ஆனால் தென்னையின் குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் தளர்ந்து காய்ப்புக் குறையும். இளஞ்சவுக்கின் தலைப்பை வெட்டினால் மரம் நேராக ஓங்காது. பின்னர் அது கம்பத்துக்கு விலைபோகாது. இரண்டு மூன்று நாள் அலங்காரத்துக்காகப் பல வருஷ வளர்ச்சி வீணாகின்றது. வெட்டிய கிளையோ மறுநாளே வாடத் தொடங்கி, பண்டிகை முடியுமுன் உதிர்ந்துவிடும்.

இந்நஷ்டத்தைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. பசுமை மாறாத மரக்கன்றுகளைத் தொட்டியில் வளர்த்து, பண்டிகை நாட்களில் அவற்றை அலங்காரமாக வைத்து, அதன்பின் தக்க காலத்தில் நிலத்தில் நட்டுவிடுவதே அவ்வழி. இதில் அலங்காரமும் உண்டு, மரமும் மிஞ்சும். எனினும், இம்முறையைக் கைக்கொண்டோர் பலரின் கன்றுகள் பட்டுப்போகின்றன. கன்றின் குற்றமோ, மண்ணின் குற்றமோ இதற்குப் பெரும்பாலும் காரணமன்று. பண்டிகை முடிந்ததும் நட்டுவிட வேண்டுமென்று அவசரப்பட்டு, மழை ஓய்ந்த காலத்தில் நடுவதே முக்கிய காரணமாகும். எந்தப் பண்டிகைக்கு வைத்த மரத்தை எந்த மாதத்தில் நட வேண்டும் என்பதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பிற தேசங்களின் வழக்கம்

பசுமை மாறாத மரத்தைப் பண்டிகைக்கு வீட்டில் வைத்து அலங்கரிக்கும் வழக்கம் 16-ஆம் நூற்றாண்டு முதல் ஜெர்மானிய நாடுகளில் பரவியது. 1848-ஆம் வருஷத்தில் லண்டன் சித்திரப் பத்திரிகை ஒன்று, விக்டோரியா மகாராணியின் குடும்பத்தார் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டது. அதன்பின் இவ்வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எங்கும் பரவிற்று. இதற்குப் பயன்படும் ஸ்புரூஸ், ஃபர் முதலிய ஊசியிலை மரங்கள் குளிர்நாட்டுக்கு உரியவை.

அந்நாடுகளில் வேருடன் கூடிய மரத்தை வாங்குவோர் அதனை வீட்டினுள் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாட்களுக்கு மேல் வைப்பதில்லை. வெளியே உறைபனி, உள்ளே கணப்பின் சூடு. சூட்டில் நெடுநாள் இருந்த மரம் உறக்கம் கலைந்து துளிர்விடத் தொடங்கும்; பின்னர் வெளியே கொண்டுபோனால் பனியில் கருகிவிடும். மேலும், நிலம் உறைந்து இறுகுமுன்னரே அவர்கள் குழி தோண்டி வைத்துக்கொள்கின்றனர். அங்கே மரத்துக்குச் சத்துரு குளிர். நம் பக்கத்திலோ வறட்சி. ஆகவே அவர்களுடைய நாட்காட்டியை அப்படியே பின்பற்றினால் நமக்குப் பயன்படாது. அவர்கள் காட்டும் முன்யோசனையை மட்டும் நாம் கைக்கொள்ளலாம்.

வியட்நாம் தேசத்தார் தங்கள் புதுவருஷப் பண்டிகைக்குக் காய்த்துக் குலுங்கும் சிற்றெலுமிச்சை வகை மரத்தைத் தொட்டியுடன் வீட்டில் வைக்கின்றனர். ஹானோய் நகரைச் சுற்றியுள்ள தோட்டக்காரர் பலர் இம்மரங்களை விற்பதோடு, வாடகைக்கும் விடுகின்றனர். பண்டிகை முடிந்தபின் மரம் தோட்டத்துக்குத் திரும்பிவந்து, மண்ணில் நடப்பட்டு, மறுவருஷத்துக்குத் தயாராகின்றது. ஒரே மரம் பல வருஷம் வருமானம் தருகின்றது. நகருக்குச் சமீபத்தில் கிணறும் தோட்டமும் உடைய குடியானவர்களுக்கு இது ஒரு நல்ல யோசனையாகும்.

அமிர்திப் பக்கத்துக் காலநிலை

அமிர்தி என்பது வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. 1967-ஆம் வருஷத்தில் இங்கு ஒரு மிருகக்காட்சிச் சாலை ஏற்படுத்தப்பட்டதால் வெளியூரார் பலரும் இவ்விடத்தை அறிவர். சுற்றிலும் காப்புக்காடுகள் இருப்பதால், மரத்தின் அருமை இப்பக்கத்துக் குடிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பிரதேசம் இரு பருவங்களிலும் மழை பெறுகின்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினாலும் மழை பெய்யும். தை மாதம் பிறந்தபின் மழையை எதிர்பார்ப்பதற்கில்லை. மாசி, பங்குனியில் காற்று உலர்ந்து, சித்திரை, வைகாசியில் வெயில் உக்கிரமடையும். வேலூரில் மே மாதத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது யாவரும் அறிந்ததே.

நட்ட கன்று முதல் ஆறு, எட்டு வாரங்களில் புது வேர்களைத் தொட்டி மண்ணுக்கு வெளியே செலுத்தவேண்டும். அதுவரை அது தன் சிறிய மண்கட்டியில் உள்ள ஈரத்தையே நம்பி நிற்கின்றது. அந்த வாரங்களில் மண் ஈரமாக இருந்தால் கன்று பிழைக்கும். இல்லையேல், இலைகள் வெளிவிடும் நீரை வேர்கள் ஈடுசெய்ய மாட்டாமல் கன்று வாடும். பசுமை மாறாத மரங்களுக்கு இது இன்னும் கடினம். கோடையில் இலையுதிர்க்கும் மரங்களைப்போல அவை செலவைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இக்காரணங்களால் பண்டிகைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

(1) ஆடிப்பெருக்கு, விநாயக சதுர்த்தி, ஆயுத பூசை, தீபாவளி: இவற்றுக்கு வைத்த மரங்களைப் பண்டிகை முடிந்து பத்து நாட்களுக்குள் நிலத்தில் நடலாம், முன்னே மழை இருக்கின்றது.

(2) திருக்கார்த்திகை: இது நவம்பர் மத்தியிலிருந்து டிசம்பர் மத்திக்குள் வரும். மழை முடியும் தறுவாய். கிணற்று நீர் கைக்கெட்டும் இடமாயின் நடலாம். மானாவாரி நிலத்தில் நடலாகாது.

(3) கிறிஸ்துமஸ், பொங்கல்: இவற்றுக்கு வைத்த மரங்களை அடுத்த மழை வரும்வரை தொட்டியிலேயே காப்பாற்ற வேண்டும். தண்ணீர்ப் பாய்ச்சலுள்ள தோட்டத்தில் மட்டும் உடனே நடுவது தகும்.

மரங்களைத் தேர்ந்தெடுத்தல்

அலங்காரத்துக்கு அழகாயிருப்பதோடு, பின்னர் குடியானவருக்குப் பிரயோஜனப்படுவதாயும், இப்பக்கத்து வெயிலைத் தாங்குவதாயும் உள்ள மரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கீழ்க்கண்டவை தகுதியானவை.

நெட்டிலிங்கம்: கோபுரம்போல் ஒடுங்கி உயரும் வகை, ஊசியிலை மரத்தின் வடிவை நாடுவோருக்கு மிகவும் ஏற்றது. விதையின் முளைப்புத்திறன் விரைவில் கெட்டுவிடுமாதலால், பழம் உதிர்ந்த உடனே சதையை நீக்கி விதைக்க வேண்டும். இடம் குறைவான வாயிலுக்கும் வரப்போரத்துக்கும் உகந்தது.

மகிழம்: மெதுவாக வளரும், அடர்ந்த உருண்டைத் தலையும், மணமுள்ள பூவும் உடையது. கத்தரித்தலைப் பொறுத்துக்கொள்ளும். மெதுவாக வளர்வதனாலேயே இரண்டு மூன்று வருஷம் தொட்டியில் வைத்துப் பண்டிகைதோறும் உபயோகிக்க முடியும்.

நாவல்: ஓடைக்கரைக்கும், நீர் தேங்கும் தாழ்வான இடத்துக்கும் ஏற்றது. பழத்துக்கு விலையுண்டு. இதன் விதையையும் பழம் தின்ற சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும்.

புன்னை: பளபளப்பான தடித்த இலையுடையது. கடற்கரைக்கு உரிய மரமாயினும், நீர் வடியும் மணற்பாங்கான நிலத்தில் உள்நாட்டிலும் வளரும். கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கலாம்.

சவுக்கு: விரைவில் வளரும், ஓராண்டுக் கன்று நல்ல பராமரிப்பில் மார்பளவு உயர்ந்து, வெட்டிய கிளைக்குப் பதிலாக நிற்கும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகின்றது. ஆகையால் தொட்டி மண்ணுடன் பழைய சவுக்குத் தோப்பின் மண் ஒரு கையளவு கலப்பது நலம்.

ஒட்டு மாவும் எலுமிச்சையும்: இவையும் பசுமை மாறா மரங்களே என்பதைப் பலர் நினைப்பதில்லை. காய்த்த எலுமிச்சைத் தொட்டி பொங்கலுக்கு வாயிலில் வைக்கத்தக்க அலங்காரம். விதைக் கன்று காய்க்கப் பல வருஷம் செல்லுமாதலால், பதியன் அல்லது மொட்டுக்கட்டிய கன்றையே தொட்டிக்கு எடுக்கவேண்டும்.

சந்தனம்: ஜவ்வாது மலைக்குப் பேர் தந்த மரங்களுள் ஒன்று. இது தன் வேரைப் பிற செடிகளின் வேரோடு பிணைத்து அவற்றிலிருந்தும் உணவு கொள்ளும் இயல்புடையது. தனித்து நட்டால் வெளுத்துத் தேயும். ஆகவே தொட்டியிலேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ துணைச்செடியாக இருக்கவேண்டும். நிலத்தில் நடும்போது அருகில் சவுக்கு முதலிய நெடுநாள் துணைமரம் வேண்டும். 2002-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலச் சொந்தக்காரருக்கே உரியதெனினும், அதனை வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி அவசியம்.

அரக்கேரியா: நாற்றுப்பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் இதுவே. நார்ஃபோக் தீவும் நியூ கலிடோனியாவும் இவ்வினங்களின் தாயகம். காப்டன் குக் 1774-ஆம் வருஷத்தில் இரண்டு இடங்களையும் கண்டார். இது அடுக்கடுக்காகக் கிளைவிடும் அழகிய மரம். தொட்டியில் பல வருஷம் இருக்கும். ஆனால் நிலத்தில் நட்டால் மிக உயர்ந்த மரமாகும். நியூ கலிடோனிய வகை, பூமத்திய ரேகைக்கு வடக்கேயுள்ள தேசங்களில் தெற்கு நோக்கிச் சாய்ந்து வளர்வதை ஆராய்ச்சியாளர் 2017-ஆம் வருஷத்தில் எடுத்துக்காட்டினர். ஆகையால் இம்மரத்தின் தெற்கே வீடோ மின்கம்பியோ இருத்தலாகாது. இதன் நுனிக்குருத்தை ஒடித்தால் வடிவம் கெடும்.

தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. அரளி எப்போதும் பசுமையாயிருந்து பூத்தாலும், அதன் எல்லாப் பாகங்களும் ஆடு மாடுகளுக்கு விஷம். கால்நடை நடமாடும் வாயிலில் வைக்கலாகாது. ஸ்புரூஸ், ஃபர் முதலிய குளிர்நாட்டு மரங்களை விலை கொடுத்து வாங்கி இவ்வடிவாரத்தில் நடுவது வீண் செலவு. காட்டிலிருந்து கன்று பிடுங்குவதும் கூடாது. அவ்வாறு பிடுங்கும்போது ஆணிவேர் அறுபடுவதால் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. மேலும் காப்புக்காட்டில் கிளை வெட்டுவதும் கன்று எடுப்பதும் 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும்.

தொட்டியில் வளர்த்தல்

மூன்று நான்கு அடி உயரக் கன்றுக்கு வாய் அகலம் 12 முதல் 14 அங்குலமுள்ள மண் தொட்டி போதும். அடியில் துவாரம் இருப்பது அவசியம். அதன்மேல் ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு என்ற அளவில் கலந்து நிரப்பி, தண்ணீர் நிற்பதற்கு மேலே ஒன்றரை அங்குலம் விடவேண்டும். புது எரு போட்டால் சூட்டினால் வேர் கருகும்.

பண்டிகைக்கு ஆறு மாதம் முன்னரேனும் கன்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். நிலத்திலுள்ள மரத்தைப் பண்டிகைக்கு முந்தின வாரம் பெயர்த்துத் தொட்டியில் வைத்தால் அது தொட்டி மரமன்று, வேரறுந்த மரமே. இரண்டு மூன்று நாள் பச்சையாய் இருந்து பின்னர் பட்டுப்போகும். வாங்குவோர் தண்டை இலேசாக அசைத்துப் பார்த்தால், மண்ணோடு சேர்ந்து அசைகின்றதா, தனியே ஆடுகின்றதா என்று தெரியும். தனியே ஆடுவது அண்மையில் பெயர்த்தது.

ஒரே தொட்டியில் நெடுநாள் இருக்கும் மரத்தின் வேர்கள் சுவரோரமாகச் சுற்றிக்கொள்ளும். அப்படியே நட்டால் சில வருஷங்கள் கழித்து அவ்வேர்களே தண்டை நெருக்கி மரத்தைக் கெடுக்கும். பெருங்காற்றில் மரம் சாயவும் கூடும். ஆகையால் வருஷத்துக்கு ஒருமுறை கன்றைத் தொட்டியிலிருந்து தட்டி எடுத்துப் பார்த்து, சுற்றிய வேர்களைக் கத்தியால் நறுக்கி, ஒரு அளவு பெரிய தொட்டியில் புது மண்ணுடன் வைக்கவேண்டும்.

பண்டிகை நாட்களில்

மரத்தை வெயிலிலிருந்து நேரே வீட்டின் இருண்ட மூலைக்குக் கொண்டுபோகலாகாது. நான்கைந்து நாள் மர நிழலில் வைத்துப் பழக்கியபின் திண்ணைக்கோ கூடத்துக்கோ எடுக்கலாம். நம் வீடுகளில் திண்ணையே இதற்கு உத்தமமான இடம். வெளிச்சமும் காற்றும் இருக்கும். அறைக்குள் வைப்பதாயின் ஜன்னலுக்குச் சமீபத்தில் வைத்து, ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதிருத்தல் நலம். மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடம் ஆகாது; இலைகள் உலர்ந்துவிடும்.

தொட்டி மண்ணில் விரலை ஒரு அங்குலம் செலுத்தி, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடவேண்டும். அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கி நின்றால் வேர் அழுகும். தொட்டியைத் தூக்கும்போது தொட்டியைப் பிடித்தே தூக்கவேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் வேர் அறுபடும்.

அலங்காரப் பொருள்கள் இலேசாக இருக்கவேண்டும். ஆணி அடிப்பதும், கம்பி கொண்டு இறுக்குவதும், இலைகளின்மேல் வர்ணமோ சுண்ணாம்போ பூசுவதும் கூடா. இலைகள் சுவாசிக்கும் துவாரங்கள் அடைபட்டால் மரம் நோயுறும். சிறு மின்விளக்குச் சரங்களில் சூடு தராத வகையையே உபயோகிக்கவேண்டும். கார்த்திகை அகல்களைத் தொட்டியின் விளிம்பில் வைக்காமல் இரண்டு அடி தள்ளி வைப்பது மரத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம்.

பண்டிகைக்குப் பின்

அலங்காரங்களைக் களைந்து, இலைகளைத் தண்ணீரால் கழுவி, மரத்தைப் பத்து முதல் பதினைந்து நாட்கள் அரை நிழலில் வைக்கவேண்டும். நிழலுக்குப் பழகிய இலைகள் திடீரென்று முழு வெயில் பட்டால் வெந்துபோகும். இது எல்லாப் பண்டிகை மரங்களுக்கும் பொது. மழைக்காலப் பண்டிகை மரங்களை இதன்பின் நட்டுவிடலாம்.

கிறிஸ்துமஸ், பொங்கல் மரங்களைக் கோடை முழுதும் காப்பாற்றும் முறை பின்வருமாறு. கிணற்றடியிலோ, குளிக்கும் நீர் வடியும் இடத்துக்குச் சமீபத்திலோ, மர நிழலில் தொட்டியைக் கழுத்துவரை மண்ணில் புதைக்கவேண்டும். புதைத்த தொட்டி எளிதில் சூடேறாது; ஈரமும் நிற்கும். மாதம் ஒருமுறை தொட்டியைச் சற்றே திருப்பிவைத்தால், அடித் துவாரத்தின் வழியாக வேர்கள் நிலத்தில் இறங்காமல் தடுக்கலாம். மேல்மண்ணில் உலர்ந்த சருகு பரப்பவேண்டும். கறையான் நடமாட்டமுள்ள இடமாயின் வேப்பம் பிண்ணாக்குத் தூள் ஒரு பிடி கலப்பது நன்று.

இவ்வாறு காத்திருப்பது தொந்தரவென்று நினைப்போர் ஒரு சிறு கணக்கைக் கவனிக்கலாம். தை மத்தியிலிருந்து ஆனி வரை சுமார் 150 நாட்கள். புதைத்த தொட்டிக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் மொத்தம் 300 லிட்டர், அதுவும் வீட்டுக்கருகிலேயே. அதே கன்றைத் தை மாதத்தில் கொல்லையில் நட்டு, வாரம் இருமுறை 15 லிட்டர் வீதம் 21 வாரம் ஊற்றினால் 630 லிட்டர் ஆகும். அத்தனை நீரையும் குடத்தில் சுமக்கவேண்டும். சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிரே. ஒரு வாரம் தவறினால் கன்று போய்விடும். பாதி நீரில், பாதி உழைப்பில், கன்றைப் பத்திரமாக மழைக்குக் கொண்டுசேர்ப்பது தொட்டியே.

நிலத்தில் நடுதல்

நடுவதற்கு ஒரு மாதம் முன்னரே நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் இரண்டு அடியாகக் குழி எடுத்து வெயிலில் ஆறவிடவேண்டும். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, நடும்போது மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய எருவைக் கலந்து நிரப்பவேண்டும். சரிவான நிலத்தில் குழியின் கீழ்ப்புறத்தில் பிறைவடிவமாக வரப்புப் போட்டால் ஓடும் மழைநீர் தங்கும். மலையடிவாரத்து நிலங்களுக்கு இது மிகவும் அவசியம்.

நல்ல மழை இரண்டு பெய்து, மண் ஒரு முழ ஆழம் நனைந்தபின், மேகமூட்டமான நாளிலோ மாலை வேளையிலோ நடவேண்டும். முதல் நாள் தொட்டிக்கு நீர் விட்டு, மறுநாள் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மண்கட்டி உடையாமல் எடுக்கவேண்டும். பாலித்தீன் பையாயின் கிழித்து அகற்றவேண்டும். பையோடு புதைத்தால் வேர் வெளியேறாது. சுற்றிய வேர்களை நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக இலேசாகக் கீறிவிடவேண்டும். சந்தனத்தில் மட்டும் துணைச்செடியின் வேரைக் கலைக்காமல் அப்படியே நடுக.

தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் நிலத்திலும் இருக்கவேண்டும். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். ஒட்டு மாவிலும் எலுமிச்சையிலும் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். மண்ணைக் காலால் மிதமாக மிதித்து, உடனே ஒரு குடம் நீர் ஊற்றவேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தாலும் இதை விடலாகாது. வேரையும் மண்ணையும் இடைவெளியின்றிச் சேர்ப்பது இந்த நீரே.

மரங்களுக்கிடையே விடவேண்டிய தூரம்: நெட்டிலிங்கம் 8 முதல் 10 அடி, எலுமிச்சை 15 அடி, மகிழம், புன்னை 20 முதல் 25 அடி, மா 25 முதல் 30 அடி, நாவல் 30 அடி. தை, மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். வயலின் தெற்கு வரப்பில் நட்டால் தன் பயிருக்கே நிழல். வடக்கு வரப்பில் நட்டால் அடுத்தவர் பயிருக்கு நிழல். ஆகையால் வடக்கே பாதையோ ஓடையோ உள்ள வரப்பே சிறந்தது. எல்லைக்கல்லின்மேல் நடாமல் தன் நிலத்தினுள் தள்ளி நட்டால் பிற்காலத்து வழக்குகள் எழா.

நட்ட பின்

ஆடு ஒரு நாள் மேய்ந்தால் ஒரு வருஷ வளர்ச்சி போகும். கருவேல முள்ளைச் சுற்றிலும் நாட்டி வேலி கட்டவேண்டும். காற்றுக்கு ஆடாமல் ஒரு கம்பு ஊன்றி, வாழைநாரால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டவேண்டும். தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுச் சருகு மூடாக்குப் போடவேண்டும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறையேனும் தண்ணீர் வேண்டும். மூன்றாம் வருஷம் முதல் இப்பக்கத்து மரங்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்துக்கு

பொது விழாக்களில் மரம் நடும் வழக்கம் நம் தேசத்தில் நன்கு வேரூன்றியுள்ளது. 1950-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் உணவு, விவசாய மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வன மகோத்சவத்தை ஜூலை மாதத்தில் ஏற்படுத்தினார். மழை தொடங்கும் மாதத்தில் நடவேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் ஜனவரி 26-ஆம் தேதிக் குடியரசு தின விழாவிலும், பொங்கல் விளையாட்டு விழாவிலும் பள்ளி வளாகங்களில் கன்றுகள் நடப்படுகின்றன. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளின்றி அவை காய்ந்துபோகின்றன. மறுவருஷம் அதே குழியில் மறுபடியும் ஒரு கன்று வைக்கப்படுகின்றது. நட்ட மரங்களின் எண்ணிக்கை கணக்கில் ஏறுகின்றதே தவிர, நிழல் ஏறுவதில்லை.

இதற்கு மாறாக, ஜனவரி விழாவில் தொட்டி மரங்களை மேடையின் இருபுறமும் அலங்காரமாக வைத்து, விழா முடிந்ததும் தண்ணீர் வசதியுள்ளவர் பொறுப்பில் ஒப்படைத்து, ஜூலை மாதத்தில் மாணவர்களைக்கொண்டு நடச்செய்வது மேலானது. கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்தாரும் ஒவ்வொரு தொட்டியும் யார் பொறுப்பில் உள்ளது என்பதைக் குறித்துவைத்தால் போதும். நட்ட கன்றைவிட, அடுத்த ஆனியில் உயிரோடிருக்கும் கன்றையே கணக்கில் எழுதுவது நியாயம். பொது நிலத்தில் நடுவதாயின், சாலை விஸ்தரிப்பு, மின்கம்பி, வாய்க்கால் கரை ஆகியவற்றைப் பார்த்து இடம் குறிக்கவேண்டும். பசுமை மாறா மரங்கள் பத்தாகத் திரட்டி பஞ்சாயத்தில் வைத்திருந்தால், ஊர் விவாகங்களுக்கும் உற்சவங்களுக்கும் சிறு வாடகைக்குத் தரலாம். அதுவே கன்றுகளின் பராமரிப்புச் செலவுக்கு உதவும்.

மாதவாரிக் குறிப்பு

ஆனி, ஆடி: கோடையைக் கடந்த தொட்டி மரங்களை நடுதல். நெட்டிலிங்கம், நாவல் விதைகளைப் புதிதாக ஊன்றுதல்.

ஆவணி, புரட்டாசி: சதுர்த்தி, ஆயுத பூசை மரங்களை வைத்து, உடனே நடுதல்.

ஐப்பசி: தீபாவளி மரங்களை நடுதல். பாசனமில்லாத நிலங்களில் இதுவே கடைசி மாதம்.

கார்த்திகை: கிணற்றுப் பாசனமுள்ள இடத்தில் மட்டும் நடுதல்.

மார்கழி, தை: கிறிஸ்துமஸ், பொங்கல் மரங்களை ஒரு வாரம் வைத்து, அரை நிழலில் பழக்கி, தொட்டியோடு புதைத்தல்.

மாசி முதல் சித்திரை வரை: புதைத்த தொட்டிகளுக்குத் தவறாமல் தண்ணீர் விடுதல், மாதம் ஒருமுறை தொட்டியைத் திருப்புதல்.

வைகாசி: குழி எடுத்து ஆறவிடுதல், முள்ளும் எருவும் சேகரித்தல்.

ஒரு குடும்பம் வருஷத்துக்கு ஒரு தொட்டி மரம் வைத்து, அதனை இம்முறைப்படி நட்டு வளர்த்தால், பத்து வருஷத்தில் அவ்வீட்டுக் கொல்லையில் பத்துப் பசுமை மரங்கள் நிற்கும். அவற்றுக்காக ஒரு கிளையும் காட்டில் வெட்டப்பட்டிராது.